பாயை யார் விரிப்பது?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் எங்கள் குழுவின் முதல் கூட்டம் 2022 பிப்ரவரியில் கோவையில் ஒரு பூங்காவில் நடந்தது. நான்கு குடும்பங்கள், ஒன்பது பிள்ளைகள், இரண்டு கோரைப்பாய். வீட்டுக்கல்வி ஏன், எதற்கு, நம் நோக்கம் என்ன என்று நான்கு பக்கத்துக்கு எழுதி, நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். யாரும் படிக்கவில்லை. என் மகனும் இன்னொரு பையனும் அந்தத் தாளின் மேல் கடலை மிட்டாயைக் கொட்டிவைத்துத் தின்றார்கள். கிளம்பும்போது ஒரு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங்க்கா, அடுத்த வியாழக்கிழமையும் வருவீங்களா?"

வருவேன் என்றேன். அந்த வார்த்தையில்தான் குழு ஆரம்பித்தது. நான்கு பக்கத் தாளில் இல்லை. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

எங்கள் கதை ஊரில் நிறையப் பேருக்கு நடந்ததுதான். கொரோனாவில் பள்ளி மூடியது. 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தபோது என் மகளுக்கு பதினொன்று, மகனுக்கு ஏழு. அந்த ஒன்றரை வருடத்தில் மகள் தானாகப் படிக்கப் பழகியிருந்தாள், மகன் வயிற்றுவலி இல்லாமல் காலையில் எழுந்திருக்கப் பழகியிருந்தான். நாங்கள் அனுப்பவில்லை. மாமியார் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் "இன்னைக்கும் லீவா கண்ணு?" என்று மகனைக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எங்களைப் போல இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு நண்பர்கள் வேண்டும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தனியாகக் கிடந்தது நான்தான். குழு ஆரம்பிக்க நினைக்கும் அம்மாக்கள் இதை ஒத்துக்கொண்டு ஆரம்பித்தால் நல்லது. பிள்ளைகள் எப்படியும் தெருவில் ஒரு கூட்டாளியைப் பிடித்துவிடுவார்கள்.

ஆட்களைத் தேடுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. இயற்கை விளைபொருள் கடை, நூலகம், சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஒருவரின் காத்திருப்பு அறை, இந்த மூன்று இடத்திலும் சொல்லிவைத்தேன். மூன்றாவது இடத்திலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்ததால் நிறுத்தியவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடம் கிடைக்காதவர்கள். கொள்கைக்காக வந்தவர்களைவிட வேறு வழியில்லாமல் வந்தவர்களே எங்களிடம் அதிகம். இது தெரியாமல், புதிதாக வந்த ஒருவரிடம் "சுதந்திரமான கற்றல்" என்று அரைமணி நேரம் பேசிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, எம்பையனை யாரும் அடிக்க மாட்டாங்கள்ல?" என்றார்.

அப்புறம் குழு வளர்ந்தது. எட்டு மாதத்தில் பதினொரு குடும்பம், பத்தொன்பது பிள்ளைகள். பூங்காவில் மழை வந்தால் ஒதுங்க இடமில்லை, காவலாளிக்கும் எங்களைப் பார்த்தாலே சந்தேகம். ஒரு குடும்பம் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையைப் பேசி வாங்கிக்கொடுத்தது. வியாழன் காலை பத்து முதல் ஒரு மணி வரை. அங்கேதான் கோளாறு தொடங்கியது.

முதலில் ஒரு அம்மா, "அக்கா, நீங்க இருக்கீங்கள்ல, பேங்க் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நியாயமான காரணம். அடுத்த வாரம் இரண்டு பேருக்கு நியாயமான காரணம் இருந்தது. நவம்பர் வாக்கில், பத்து மணிக்கு வண்டியை நிறுத்தாமலே பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பத்தொன்பது பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள். காலையில் ஒன்பதரைக்குப் போய்ப் பாய் விரிப்பது நான், தண்ணீர்க் குடம் தூக்குவது நான், என்ன சொல்லித்தருவது என்று முந்தின ராத்திரி யோசிப்பது நான், கடைசியில் கூட்டிப் பெருக்குவதும் நான். வெளியில் சலித்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற நினைப்பில் ஒரு போதை இருக்கிறது.

அந்த நேரத்தில் சிங்காநல்லூர் குளத்துக்குப் பறவை பார்க்கப் போனோம். நல்ல இடம். நகரத்துக்குள் இருக்கும் அந்தக் குளத்தை 2017இல் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் ஒரே காலையில் பார்க்கலாம். பிள்ளைகள் கூழைக்கடா தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆறு வயதுப் பையன் கரையில் சறுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டான். பெரிய ஆபத்து இல்லை, என் மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்து நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு சில்லென்கிறது. அவன் யாரோடு வந்தான் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு பிள்ளையின் வேனில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவன் அம்மாவின் போன் எண் என்னிடம் இருந்தது, அவர் எடுக்கவில்லை. அப்பா பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த அடி இரண்டு வாரத்தில் விழுந்தது. குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, இங்கே டியூஷன் நடத்துகிறீர்களா, பள்ளி நடத்துகிறீர்களா, எழுத்தில் கொடுங்கள் என்றார். நான் கோபமாகத்தான் பேசினேன். வீட்டுக்கு வந்து, குழுவிலிருந்த ஒருவரின் அண்ணனான வழக்கறிஞரிடம் கேட்டபோதுதான் கேள்வி எவ்வளவு சரியானது என்று தெரிந்தது.

நாம் எல்லோரும் கல்வி உரிமைச் சட்டம் என்றதும் ஒரு கேள்வியைத்தான் கேட்போம்: வீட்டிலேயே படிக்கவைப்பது குற்றமா? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக ஒரு பேச்சும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாமெல்லாம் குடித்தனம் நடத்துகிறோம். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது 18ஆம் பிரிவு. அங்கீகாரம் வாங்காமல் யாரும் பள்ளி நடத்தக் கூடாது, நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம் வரை. "நீங்க பெத்தவங்க கூடி உக்கார்ற வரைக்கும் அது உங்க வீட்டு விஷயம். பெத்தவங்க போயிட்டு, பிள்ளைங்க மட்டும் தினமும் வந்து, நீங்க காசும் வாங்கினா, அதுக்கு வேற பேரு" என்றார் அந்த அண்ணன்.

சேற்றில் இறங்கிய பையனும் 18ஆம் பிரிவும் சொன்னது ஒரே விஷயம். நான் பெற்றோர் எல்லோரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக்குழு நடத்தவில்லை. சம்பளமும் அங்கீகாரமும் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருந்தேன்.

டிசம்பர் முழுக்க நிறுத்திவைத்தேன். 2023 ஜனவரியில் பெரியவர்கள் மட்டும் கூடினோம். இந்த முறை நான்கு பக்கம் இல்லை, ஒரு கேள்விதான்: வியாழக்கிழமை நீங்கள் என்ன வேலையை எடுத்துக்கொள்வீர்கள்? பாய், தண்ணீர், முதலுதவிப் பை, கணக்கு, பெருக்குதல், ஒரு மணி நேரம் எதையாவது சொல்லித்தருதல். பிள்ளையோடு ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ. பதினொன்றில் நான்கு குடும்பம் அன்றோடு நின்றது. இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு நிஜமாகவே முடியாது. அதில் ஒருவர் போகும்போது அழுதார். அது நியாயமான முடிவா என்று எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. ஆனால் ஏழு குடும்பத்தோடு நடந்த அடுத்த வியாழன்தான், நான் முதல்முறையாக உட்கார்ந்து டீ குடித்த வியாழன்.

ஒரு பிள்ளையின் தாத்தா அப்போதுதான் வர ஆரம்பித்தார். பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். எனக்குச் சொல்லித்தரத் தெரியாதுங்க என்று மூன்று வாரம் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான்காவது வாரம் மஞ்சள் பையிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை, நுணுக்கமாக அளக்கும் கருவியை, எடுத்தார். பத்து ரூபாய் நாணயத்தை அளக்கச் சொன்னார். ஒருத்தி 26.8 என்றாள், ஒருத்தன் 27.3 என்றான். "கண்ணை நேரா வெச்சுப் பாரு கண்ணு, சாய்ச்சுப் பார்த்தா அளவும் சாயும்" என்று ஒவ்வொருவர் தலையையும் பிடித்துத் திருப்பினார். எல்லோரும் 27 மில்லிமீட்டருக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. தசம எண்ணை அதற்கு முன் நான் இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை. வெளியூர் நிபுணரைக் கூப்பிட்டுச் சிறப்பு வகுப்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் தங்கள் பாயிலேயே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

பாடத்திட்டச் சண்டை எல்லாக் குழுவிலும் வரும். எங்களிடமும் வந்தது. ஒரு பக்கம் தினமும் புத்தகம் வைத்துப் படிக்கவைக்கிறவர்கள், இன்னொரு பக்கம் பிள்ளை கேட்கும்வரை எதையும் சொல்லித்தராதவர்கள். வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணி வரை போகும். நான் ஆறு மாதம் நடுவர் வேலை பார்த்தேன், வீண். முடித்துவைத்தது மிகச் சாதாரணமான ஏற்பாடு: முதல் ஒரு மணி நேரம் அன்று பொறுப்பெடுத்தவர் சொல்வதை எல்லோரும் செய்வது, மீதி இரண்டு மணி நேரம் சும்மா விளையாட்டு. மற்ற ஆறு நாள் அவரவர் வீட்டில் அவரவர் பாடு. வாட்ஸ்அப்பையும் இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் நாள், இடம், நேரம் மட்டும். மற்றதில் எது வேண்டுமானாலும். அந்த இரண்டாவதை நான் மௌனத்தில் போட்டுப் பல மாதம் ஆகிறது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். முதல் வருடம் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நானே செலவு செய்தேன். ஒரு நாள் கணவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார், பதினோராயிரம் வந்தது. அதில் பெரிய துண்டு ஒரு டெம்போ டிராவலர். கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போக ஏற்பாடு செய்தேன். 1902இல் தொடங்கிய இடம், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியது. எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். முந்தின ராத்திரி ஐந்து குடும்பம் வரவில்லை என்றது, வண்டிக்காரர் முழு வாடகையும் வாங்கிக்கொண்டார். இப்போது மாதம் குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய், கணக்கு இரண்டு பேர் கையில், அந்த இரண்டு பேரில் நான் இல்லை. வெளியே போவதென்றால் பணம் வந்தவர்களுக்குத்தான் இருக்கை. கட்டைவிரலுக்கு மதிப்பில்லை. இப்படிச் சொன்னபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்காமல் இருந்தபோதுதான் எனக்குள் கசப்பு சேர்ந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் நெளிவு சுளிவு வைக்கவில்லை. எந்தப் பெரியவரும் அடுத்தவர் பிள்ளையோடு அறைக்குள் தனியாக இருக்கக் கூடாது. நானும்தான், அந்த லேத் தாத்தாவும்தான். சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அவரவர் வீட்டாரே கூட்டிப் போக வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடம். முதலில் சொன்னபோது ஒரு அப்பா, "எங்களைச் சந்தேகப்படறீங்களா?" என்றார். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று விளக்கினேன். பாதி சமாதானம் ஆனார். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் இரண்டு வீட்டாரும் நேரில் பேச வேண்டும், என் வழியாகத் தூது கிடையாது. இதைக் கடைப்பிடிப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

பிள்ளைகள் வளர வளரத் தேர்வு வந்து நிற்கும். உறவினர் வாயை அடைக்க ஒரு குடும்பம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வராக எழுதவைத்தது. பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் போதும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பத்தாம் வகுப்புக்கு எங்களில் பெரும்பாலோர் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு, அதாவது என்ஐஓஎஸ். பதினான்கு வயது ஆக வேண்டும். ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வு, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். தமிழ் வழியிலும் எழுதலாம்.

இதில் பாடத்தைவிட எங்களை அலைக்கழித்தது இன்ஷியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் இருக்கும், நம் பிள்ளைக்கு இந்தக் காகிதங்கள்தான் எல்லாம். விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் யார் வந்தாலும் முதல் மாதமே லேத் தாத்தாவின் மருமகள் இதைச் சரிபார்க்கிறார். அவர் ஈ-சேவை மையத்துக்கு நடந்த நடைக்கு அவருக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இன்னொன்று கை. என் மகளும் இன்னும் இரண்டு பேரும் 2025இல் பத்தாம் வகுப்பு எழுதினார்கள். மூன்று பேருக்கும் விஷயம் தெரியும், ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பழக்கம் வாழ்க்கையில் இல்லை. முதல் மாதிரித் தேர்வில் நாற்பதாவது நிமிடம் மகள் பேனாவை வைத்துவிட்டு விரலை நீவினாள். ஆறு மாதம் வியாழன்தோறும் பொது அறையின் ஒரு மூலையில் அவர்கள் எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்திலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். தேர்வு மையத்தில் பக்கத்து பெஞ்சு முனகலெல்லாம் தனக்குக் கேட்கவே இல்லை என்றாள் பிறகு.

அவள் இப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளிக்குப் போகிறாள். அவளாகக் கேட்டாள். இரண்டு இடத்தில் அந்த மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், மூன்றாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் யாராவது பள்ளிக்குத் திரும்பினால் குழுவில் ஒரு துக்கவீட்டு அமைதி வரும், அந்தக் குடும்பமும் கூச்சத்தில் வராமல் நின்றுவிடும். என் வீட்டிலேயே நடந்தபோது அந்த அமைதி எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. விடுமுறை நாளில் அவள் இன்னும் வருகிறாள், சின்னப் பிள்ளைகளுக்குக் குளத்தில் பறவை காட்டுகிறாள்.

போன ஜூனில் பொறுப்பைக் கைமாற்றினேன். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே, மாதத்தில் ஒரு வியாழன் வேண்டுமென்றே போகாமல் இருந்தேன். முதல் தடவை வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு அழைப்பும் வரவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது பொறுப்பில் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளையின் அம்மா. வந்த வேகத்தில் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான்கு வருடமாக வியாழன், அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று கணவரிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். என்ன காரணம் என்றார். யோசித்துப் பார்த்தால், முதல் கூட்டம் தற்செயலாக ஒரு வியாழக்கிழமை.

செவ்வாய் இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, பெரிய பாய் உங்க வீட்லதானுங்களே இருக்கு? மறக்காம எடுத்துட்டு வந்துருங்க. விரிக்கறது இந்த மாசம் வேற ஆளு."